இரண்டு மதகுகளுக்கு நடுவில்

எங்கள் அலுமாரியின் மேல்தட்டில், உங்கள் உம்மாவின் தையல் பெட்டிக்குப் பின்னால், ஒரு செங்கட்டித் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். இரண்டு முனையும் தேய்ந்து மழுங்கியிருக்கும். பெருநாளைக்கு வீடு வெள்ளையடிக்கும்போதெல்லாம் யாராவது அதை எடுத்து வெளியில் போடுவதும், நான் போய்த் தேடி எடுத்து வந்து திரும்ப வைப்பதும் வழக்கமாகிவிட்டது. போன பெருநாளைக்கு உங்களில் ஒருவர், "வாப்பாக்கு இந்தக் கல்லில என்ன பைத்தியம்?" என்று உம்மாவிடம் கேட்டதும், "அது ஒரு வெள்ளக்காரன்ட கத. அவருக்கே இன்னும் வெளங்கல்ல, உங்களுக்கு எங்க வெளங்கப் போகுது" என்று அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது. அவள் சொன்னது மெய். விளங்காத ஒன்றைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதினால் எனக்காவது விளங்குமோ என்றுதான் இந்தக் கொப்பியை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷத்து நோன்பு அது. நான் கல்முனையில் ஒரு முதலாளியின் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் மாமா, அதாவது உம்மாவின் கூடப்பிறந்த காக்கா, என்னோடு லொறியில் உதவிக்கு வருவார். கரையோரமெல்லாம் தலையில்லாத தென்னைகள் நின்ற காலம். வீடுகளுக்குக் கூரையில்லை. ஆகவே எங்களுக்கு வேலை ஓயவில்லை. கூரைத் தகரமும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு பொத்துவில் வரைக்கும் போவோம். அன்றைக்கு நடுப்பகலில் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நிந்தவூர் தாண்டி, களியோடைப் பாலமும் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம் இல்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. நாக்கு மேல்வாயில் ஒட்டிக் கிடந்தது. அப்போதுதான் மதகுக் கட்டில் ஒருவர் சாய்ந்து கிடப்பதைக் கண்டோம். பக்கத்தில் ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது.

வெள்ளைக்காரர். நாற்பது வயது இருக்கும். முகம் சுட்ட கிழங்கு மாதிரி, உதடு வெடித்து, தாடியில் உப்புப் பூத்திருந்தது. சைக்கிளின் இரண்டு பக்கமும் கிழிந்து தைத்த பைகள். சப்பாத்தின் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வருகிற வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து வேனில் போவார்கள். இவர் இந்த வெயிலில் சைக்கிள் மிதிக்கிறார் என்றால் பஸ்சுக்கும் வழியில்லாத ஏழை என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை மாமா அவருடைய தலையில் ஊற்றினார். குடிக்கிற தண்ணீர் எங்களிடம் இல்லை, நோன்பல்லவா. நான் வரம்பில் ஓடிப் போய் ஒரு வயல்காவல் வாடியில் வாங்கி வந்து கொடுத்தேன். குடித்தார். கண்ணைத் திறந்தார். நான் லொறியைக் காட்டினேன். "நோ" என்று தலையை ஆட்டினார்.

இதில்தான் நாங்கள் பிழைவிட்டோம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி குடியுங்கள் என்றால் முதல் தரம் வேண்டாம் என்பார். இரண்டாம் தரமும் வேண்டாம் என்பார். மூன்றாம் தரம் வாங்கிக் குடிப்பார். முதல் தரமே கையை நீட்டுகிறவரைப் பற்றி அவர் போன பிறகு கதை வரும். இரண்டு தரத்தோடு கேட்பதை நிறுத்துகிற வீட்டுக்காரரைப் பற்றியும் கதை வரும். ஆகவே நான் இரண்டாம் தரமும் காட்டினேன். "நோ, நோ" என்றார். மூன்றாம் தரம் கேட்கவே இல்லை, அணைத்துத் தூக்கினேன். அவருக்கு நிற்கவும் சீவன் இல்லை. சைக்கிளின் சக்கரத்தை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். "வெக்கப்படுறார் மச்சான்" என்று சொல்லிக்கொண்டே மாமா அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிள்ளையின் கையிலிருந்து எதையாவது வாங்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாகத்தான் கழற்றினார். சைக்கிளைத் தகரத்துக்கு மேல் வைத்துக் கட்டினோம். அவரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருத்தினோம். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பொத்துவில் வரைக்கும் தோளை அசைக்காமல் ஓட்டினேன். நோன்பு மாதத்தில் இப்படி ஒரு நன்மை கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். அதை மறைக்கவில்லை.

தகரம் வாங்கியவரின் வீட்டில்தான் இறக்கினோம். அந்த வீட்டில் ஒரு அறைக்குத்தான் கூரை மிஞ்சியிருந்தது. அந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். சூறாவளியில் தப்பிய ஒற்றைத் தென்னையில் ஏறி ஒருவர் இளநீர் பறித்து வந்தார். அக்கம்பக்கத்திலிருந்து கஞ்சி, சம்சா, வட்டிலப்பம் என்று தட்டுத் தட்டாக வந்தது. அவர் எதையும் தொடவில்லை. லொறியிலிருந்து சைக்கிளை இறக்கியபோது பக்கத்தில் வந்து நின்றார். சக்கரத்தைத் தடவினார். பிறகு சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். நாங்கள் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தோம். வீட்டுக்காரம்மா, தாயை நினைத்து அழுகிறார் என்று சொல்லித் தானும் அழுதார். நோன்பு திறந்த பிறகும் அவர் சாப்பிடவில்லை. மேசையில் விரலால் ஒரு நீளக் கோடு கீறுவதும், நடுவில் கையை எடுத்து வெட்டிக் காட்டுவதுமாக இருந்தார். யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் ஒருவர் போய்ப் போஸ்ட் மாஸ்டரைக் கூட்டி வந்தார். அவர் திருக்கோவில் பக்கத்துத் தமிழர். அந்த வட்டாரத்தில் இங்கிலீசு சரளமாகக் கதைக்கக்கூடியவர் அவர்தான்.

போஸ்ட் மாஸ்டர் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவர் ஹொலண்டில தன்ட வீட்டு வாசல்ல இருந்து சைக்கிள் உழக்கத் தொடங்கினவராம். ஒரு வருஷமும் நாலு மாசமும். கப்பல் ஏறின இடத்தத் தவிர ஒரு முழம் நிலம்கூட வேற வாகனத்தில ஏறாம வந்திருக்கார். தெற்கால நிலம் முடியிற இடத்துக்குப் போறதுதான் எண்ணம். இன்னும் எட்டு நாள்தான் இருந்திச்சாம்."

மாமாதான் கேட்டார், ஏதும் நேர்ச்சையா என்று. இல்லையாம். பந்தயமா? இல்லையாம். யாராவது பின்னால் வந்து பார்க்கிறார்களா? ஒருவரும் இல்லையாம். "அப்ப லொறியில வந்தத ஒருத்தருக்கும் சொல்லாம உட்டாச் சரிதானே" என்றார் மாமா. கிண்டலாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். போஸ்ட் மாஸ்டர் அதை இங்கிலீசில் சொன்னார். அந்த மனிதர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் குடித்து வைத்திருந்த கஞ்சிக் கோப்பைகளைக் காட்டி ஏதோ கேட்டார். துருக்கி, ஈரான், பாகிஸ்தான் எல்லாம் மிதித்து வந்தவர், நோன்பைப் பற்றித் தெரிந்திருந்தது. போஸ்ட் மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: பகலில் ஒரு அறையில் தனியாக இருக்கிறீர்கள், கதவு பூட்டியிருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, குடிப்பீர்களா என்று கேட்கிறார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல்தான் வந்தது. "அப்ப அவர்ட நோன்ப நாமதான் முறிச்சிட்டம்."

அந்த ஒரு வசனத்தை இத்தனை வருஷமாக நான் மறக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று ஒரு நோன்பாளியின் வாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். ஆனால் பிள்ளைகளே, அங்கேயே விட்டிருந்தால் அந்த மனிதர் அந்த வெயிலில் செத்துப் போயிருக்கவும் கூடும். இரண்டும் மெய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் தலை சுற்றுகிறது.

வழி சொன்னதும் மாமாதான். "முறிஞ்சாக் கழாச் செய்யிறதானே. ஏத்தின இடத்துக்கே கொண்டு போய் இறக்குவம். மறுகா அவர் அங்க இருந்து வரட்டும்." விடுபட்ட நோன்பைப் பிறகு பிடித்து நிறைவாக்குகிற மாதிரி. போஸ்ட் மாஸ்டர் அதை விளக்கிச் சொன்னபோது அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஏற்றிய இடம் இவர்களுக்குச் சரியாகத் தெரியுமா? தான் மயக்கத்தில் இருந்ததால் தனக்கு ஒன்றும் நினைவில்லையாம். போஸ்ட் மாஸ்டர் என்னைப் பார்த்தார். "ஓம், தெரியும்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் கஞ்சியை எடுத்தார். இரண்டு கோப்பை குடித்தார்.

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வழி நெடுக அவர் தலையைக் குனிந்து முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியில் மயில் நின்றது, குளத்தில் யானைகூட நின்றது. மாமா தட்டித் தட்டிக் காட்டினார், நிமிரவில்லை. மிதிக்காத ரோட்டைக் கண்ணால் பார்ப்பதும் தப்பு என்று நினைத்தாரோ என்னவோ. பாலமுனை கடந்து வயல் வெளிக்கு வந்ததும் மதகு ஒன்று வந்தது. நான் லொறியை நிறுத்தினேன். மாமா என் காதோடு சொன்னார்.

"இது இல்ல மச்சான். இன்னும் அங்கால. பாலத்துக்குக் கிட்டத்தான் ஏத்தின."

"ஸ்டியரிங் பிடிச்சது நீயா நானா?"

"நீதான். அதுக்கு? இந்த வெளியில ரெண்டு மதகு இரிக்கி. ரெண்டும் ஒரே மாதிரி. சந்தேகமெண்டா அவரைப் பாலத்திலயே இறக்கி உடு. கூட ஓடினாக் குறையில்லதானே."

அவர் சொன்னது எவ்வளவு லேசான வழி! இன்னும் ஒரு மைல் போய்ப் பாலத்தில் இறக்கினால் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் என்று அந்த மனிதருக்கு முன்னால் காட்ட வெட்கமாக இருந்தது. ஒரு தரம் அவருக்குப் பிழை செய்துவிட்டோம், இரண்டாம் தரமும் தடுமாறுகிறவனாக நிற்கப் பிடிக்கவில்லை. தெரியும் என்று சபையில் சொல்லிவிட்டேன். இவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. நான் இறங்கி மதகைத் தட்டிக் காட்டினேன். அவர், "ஹியர்?" என்றார். "யெஸ்" என்றேன். என் கண்ணைப் பார்த்து இன்னொரு தரம் கேட்டார். "யெஸ்." மூன்றாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரமும் "யெஸ்" என்றேன். மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு லொறியின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதகுக் கட்டு உடைந்து ஓரத்தில் செங்கட்டிகள் கிடந்தன. அவர் ஒரு துண்டைப் பொறுக்கி, தார் ரோட்டுக்குக் குறுக்காகச் சிவப்புக் கோடு ஒன்று போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை அடிமட்டம் வைத்துக் கீறுகிற மாதிரி அவ்வளவு கவனம். பின்சக்கரத்தை அந்தக் கோட்டில் வைத்தார். எங்கள் கைகளைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். செங்கட்டியை என் கையில் வைத்துவிட்டு மிதிக்கத் தொடங்கினார். அந்தக் காலை வெயிலில் அவர் சின்னதாகிச் சின்னதாகிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை வந்தது. மாமா போய் லொறியில் ஏறிக்கொண்டார்.

நாலாம் நாள் திரும்பவும் அந்த வழியே போனபோது, பாலம் தாண்டியதும் வருகிற மதகில் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். அந்த வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானை. கையில் ஒரு அலுமினியப் போத்தல். நீங்கள் ஏற்றிக்கொண்டு போன வெள்ளைக்காரருடையது, வாய்க்காலுக்குள் கிடந்தது, நீங்கள் வருவீர்கள் என்று வைத்திருந்தேன் என்றார். எந்த வாய்க்காலுக்குள் என்று கேட்டேன். "இந்தா, இதுக்குள்ளதான். நீங்க தூக்கி ஏத்தினத நான் வரம்பில நிண்டு பாத்தனே" என்று தன் காலடியைக் காட்டினார். நான் லொறியை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்து மற்ற மதகு தெரிந்தது. அரை மைல் இருக்கும்.

பொத்துவிலில் போய் விசாரித்தோம். அவர் அன்றைக்கே வந்து, போஸ்ட் மாஸ்டருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, மொனராகலைப் பக்கம் போய்விட்டாராம். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு போஸ்ட் மாஸ்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஹொலண்டிலிருந்து கடிதம். வாசித்துத் தமிழில் சொன்னார். தெற்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தாராம். கடலில் முன்சக்கரத்தை நனைத்தாராம். லொறிக்கார நண்பர்கள் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள், அவர்கள் அந்த இடத்தைச் சரியாகக் காட்டாவிட்டால் தன்னுடைய கோடு ஒருநாளும் முழுமையாகியிராது என்று எழுதியிருந்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். "முகவரி இரிக்கி. எழுதலாம். எழுதினா அந்த மனிசன் அரை மைலுக்காகத் திரும்பி வந்தாலும் வரும். வராட்டி, ஆயுசுக்கும் அந்த அரை மைலோட கிடக்கும். எழுதட்டா?" என்றார். அடுத்த தரம் வரும்போது சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அடுத்த தரமும் அதைத்தான் சொன்னேன். அவர் மூன்றாம் தரம் கேட்கவில்லை. நல்ல மனிதர், கேட்டிருக்கலாம்.

அந்த மாரி தொடங்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மாமாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். அவரை ஏற்றிய முதல் மதகில் அதே செங்கட்டியின் மறுமுனையால் ஒரு கோடு கீறினேன். உடம்புக்கு ஏலாதவருக்காக இன்னொருவர் ஹஜ்ஜுச் செய்கிறாரே, அந்த மாதிரி, இந்த அரை மைலை அந்த ஹொலண்ட்காரருக்காக ஓட்டுகிறேன் என்று மனதுக்குள் நிய்யத்து வைத்தேன். வட்டைவிதானை வரம்பில் நின்று, "என்ன, லொறிய வித்துப் போட்டீங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு மிதித்தேன். மற்ற மதகில் அவர் கீறிய கோட்டைத் தேடினேன். மழைக்கு முன்னமே டயர்கள் அழித்துவிட்டிருந்தன. எங்கே நிற்பது என்று தெரியவில்லை. குறைந்துவிடக் கூடாதே என்று இன்னும் நூறு யார் கூட மிதித்தேன். மிதிக்கும்போதுதான் உறைத்தது, மாமா அன்றைக்குச் சொன்னது இதைத்தானே என்று. எங்கள் மௌலவியிடம் பேச்சுவாக்கில், இப்படிப் பதிலுக்கு ஓட்டினால் சேருமா என்று கேட்டேன். வெயிலில் அதிகம் திரிய வேண்டாம் என்றார்.

பிறகு பிரச்சினைக் காலம் வந்தது. எண்பத்தைந்துக்குப் பிறகு அந்த ரோட்டால் யாரும் நிம்மதியாகப் போகவில்லை. போஸ்ட் மாஸ்டர் மாற்றலாகிப் போனார். கடிதம் எங்கே போனதோ தெரியாது. இப்போது அந்த ரோட்டை அகலமாக்கி இரண்டு மதகையும் உடைத்துக் கொங்கிறீட் குழாய் போட்டுவிட்டார்கள். உங்கள் மோட்டார் சைக்கிளில் அந்த அரை மைல் அரை நிமிஷம். நீங்கள் போகும்போது பின்னால் இருந்து பார்ப்பேன், எது எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. மாமா கண்ணை மூடி மௌத்தாகும் வரைக்கும் அதைப் பற்றி என்னைக் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் தேடியிருப்பேன்.

அந்த ஹொலண்ட்காரர் உயிரோடு இருந்தால் எண்பது தாண்டியிருக்கும். தன் பேரப்பிள்ளைகளிடம் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். அந்தக் கோட்டில் ஒரு இடைவெளி இருப்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அதை நான் மிதித்து அடைத்தேனா, பொத்தி மறைத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்வது நன்மையா, சொல்லாமல் விடுவது நன்மையா? அன்றைக்கு லொறியை நிறுத்தியதிலிருந்து எனக்கு இந்த நன்மை என்கிற சாமானே பிடிபடவில்லை.

நீங்கள் கைத்தொலைபேசியில் உலகத்தில் யாரையும் தேடிப் பிடிக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கொப்பியில் அவருடைய பெயரை எழுதவில்லை. கடிதத்தின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார், இன்றைக்கும் நினைவிருக்கிறது. இந்தப் பெருநாளைக்கு வெள்ளையடிக்கும்போது செங்கட்டியை வெளியில் போட வேண்டாம். ஒரு முனை அவர் தேய்த்தது, மறுமுனை நான் தேய்த்தது. வேண்டுமானால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் அந்தப் பெயரைக் கேளுங்கள். முதல் தரம் சொல்லமாட்டேன். இரண்டாம் தரமும் சொல்லமாட்டேன்.